கால் கூறும் முழுப் புலமையும்: நிரல் கற்றலில் செயற்கை நுண்ணறிவுத் துணை – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அறிதலுக்கும் அறிந்ததாகத் தோன்றுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மெய்யியலின் தொன்மையான வினாக்களுள் ஒன்றாகும். அண்மைக் காலத்தில் இவ்வினா கணினி நிரலின் வழியாகத் தமிழாய்வாளரின் மேசைக்கும் வந்து சேர்ந்துள்ளது. சொல்லடைவு உருவாக்குதல், சொல்வருகையைக் கணக்கிடுதல், யாப்பு அலகிடுதல், பாடவேறுபாடுகளை ஒப்பிடுதல் முதலான பணிகளுக்கு இன்று நிரல்கள் பயன்படுத்தப்படுகின்றன. நிரலாக்கத்தில் பயிற்சி பெறாத ஆய்வாளரும் தம் தேவையை இயல்பான தமிழில் எழுதினால், செயற்கை நுண்ணறிவுக் கருவி அதற்குரிய நிரலை ஆக்கித் தருகிறது. இவ்வரி என்ன செய்கிறது என்று வினவினால் அதற்கு விளக்கமும் தருகிறது.

இந்நிலையில் இரு வினாக்கள் எழுகின்றன. தாம் எழுதாத ஒரு நிரலை, கருவி தந்த விளக்கத்தைப் படித்த அளவில், புரிந்துகொண்டதாக ஒருவர் கூறலாமா? அப்புரிதல் இல்லாத நிலையில், அந்நிரல் தந்த முடிவைத் தம் பெயரில் வெளியிடுவது அறமாகுமா? இவ்விரு வினாக்களையும் திருப்பதி, சித்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த ஒரு பட்டறிவை முன்வைத்தும், நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் கற்றல் முறையை அளவுகோலாகக் கொண்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிரலுதவிக் கருவிகளின் இயல்பு

2021 ஆம் ஆண்டு சூன் திங்களில் கிட்ஹப் கோபைலட் என்னும் நிரலுதவிக் கருவி முன்னோட்டமாக வெளியிடப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இவற்றின் பின்னர் இத்தகைய கருவிகள் பல பெருகின. பேரளவிலான நிரல்களையும் உரைப்பகுதிகளையும் கொண்டு பயிற்றப்பட்ட இவை, ஒரு தொடரை அடுத்து எது வரக்கூடும் என்பதைக் கணித்து விடையை ஆக்குகின்றன. இவை தரும் விளக்கம் பெரும்பாலும் பயனுடையதாகவே அமைகிறது. ஆயின் சரியான விளக்கத்திற்கும் தவறான விளக்கத்திற்கும் நடையில் வேறுபாடு காணப்படுவதில்லை. இரண்டும் ஒரே தெளிவோடும் ஒரே உறுதியோடும் வருகின்றன. கற்போர் தடுமாறும் இடம் இதுவேயாகும்.

கற்போரின் தன்மதிப்பீடு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு இரு ஆய்வுகளைச் சுட்டலாம். துருக்கி நாட்டின் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ 1000 மாணவரிடையே கணிதப் பாடத்தில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு 2024 இல் வெளியிடப்பட்டது. கட்டுப்பாடின்றிக் கருவியைப் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சியின்போது மற்றவரைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் சிறந்தனர். கருவி நீக்கப்பட்டுத் தேர்வு எழுதியபோது, கருவியையே அறியாத மாணவரைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். விடையை நேரே தராமல் குறிப்புகளை மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட கருவியைப் பயன்படுத்தியோரிடம் இப்பின்னடைவு பெரும்பாலும் காணப்படவில்லை.

மற்றோர் ஆய்வு 2025 இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. தேர்ந்த நிரலாளர் 16 பேர் தமக்கு நன்கு பழகிய நிரல்தொகுதிகளில் 246 பணிகளைச் செய்தனர். கருவியின் துணையால் தம் பணி 20 விழுக்காடு விரைவுற்றதாக அவர்கள் நம்பினர். அளந்து பார்த்தபோது 19 விழுக்காடு காலம் கூடுதலாகியிருந்தது. கருவிகள் ஆண்டுதோறும் மாறுவதால் இவ்வெண்களும் மாறலாம். ஆயினும் தம் அறிவைப் பற்றியும் தம் திறனைப் பற்றியும் மனிதர் கொள்ளும் மதிப்பீடு எளிதில் பிறழக்கூடியது என்பது இவற்றால் பெறப்படுகிறது.

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில் 1895 இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. மனித மூளையின் பணிகளைக் கணினி ஏற்றுக்கொள்ளுமாயின் மூளையின் நிலை என்னவாகும் என்று அவர் 1980களில் பலமுறை வினவினார். அன்று அது பலருக்கு எட்டாத கற்பனையாகத் தோன்றியிருக்கலாம். இன்று அதே பகுதியின் வகுப்பறைகளில் அவ்வினா நாள்தோறும் எழுகிறது.

ஒரு சொற்பட்டியலின் வரலாறு

திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் 1930களில் தேவஸ்தானத்தால் தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகளாகும். அத்தொகுதிகளின் ஒரு சிறு பகுதியிலுள்ள சொற்களின் வருகையைக் கணக்கிட இக்கட்டுரையாளர் 2024 ஆம் ஆண்டு முயன்றார். மூலப்பகுதியை இருவர் கணினியில் உள்ளிட்டனர். சொற்களை எண்ணிப் பட்டியலிடும் பைத்தான் நிரல் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி சில நொடிகளில் ஆக்கித் தந்தது. ஒவ்வொரு வரிக்கும் தமிழில் விளக்கமும் தந்தது. அவ்விளக்கம் தெளிவாக இருந்தமையால் நிரல் முழுதும் புரிந்துவிட்டதாகவே கட்டுரையாளர் எண்ணினார். அந்நிரல் தந்த பட்டியலை அடிப்படையாகக் கொண்டு ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் வாசிக்கப்பட்டது.

சித்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து பயிலும் ஆய்வு மாணவர் ஒருவர் பின்னர் அப்பட்டியலைப் பார்வையிட்டார். “ஐயா, ‘கோயில்’ என்னும் சொல் இரண்டு இடங்களில் தனித்தனியே வந்துள்ளதே, ஏன்? ‘ஸ்ரீ’ என்பதும் அவ்வாறே உள்ளதே?” என்று அவர் வினவினார். கட்டுரையாளரிடம் விடை இல்லை. கருத்தரங்கில் உறுதியோடு கூறப்பட்ட எண்கள் ஒரு மாணவரின் எளிய வினாவிற்குமுன் நிற்கவில்லை.

இதன் காரணம் ஒருங்குறி அமைப்பில் உள்ளது. தமிழ் மரபில் ‘கோயில்’ மூன்று எழுத்துகளால் ஆன சொல்லாகும். கணினியோ ககரம், ஓகாரக் குறி, யகரம், இகரக் குறி, லகரம், புள்ளி என ஆறு குறியெண்களாக அதனைச் சேமிக்கிறது. மேலும், ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் உள்ளிடலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். உள்ளிட்ட இருவரும் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றியிருந்தமையால் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தது.

கருவியை மீண்டும் வினவியபோது, குறியெண்களை ஒரே வடிவிற்குக் கொணரும் ‘இயல்பாக்கம்’ என்னும் முறையைக் கூறி, அதற்குரிய ஒரு வரியைத் தந்தது. அவ்வரியைச் சேர்த்தவுடன் ‘கோயில்’ ஒன்றாயிற்று. ‘ஸ்ரீ’ மட்டும் இரண்டாகவே நின்றது. கருவியின் விளக்கத்தை இரண்டாம் முறையும் முழுமையென நம்பியது பிழையாயிற்று.

இதன்பின் கட்டுரையாளரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து, பட்டியலில் வந்த ‘ஸ்ரீ’ இரண்டையும் குறியெண்களாகப் பிரித்துப் பார்த்தனர். ஒன்று ஸகரத்தில் தொடங்கியது. மற்றொன்று 2005 இல் ஒருங்குறியின் 4.1 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியது. எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவமாகவே காட்டியது. இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ஏனெனில் ஒருங்குறி இவற்றை வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்கிறது. இதற்கும் தீர்வு கேட்டபோது, ஶகரம் வரும் இடமெல்லாம் ஸகரமாக மாற்றும் வரி ஒன்றைக் கருவி தந்தது. இம்முறை அவ்வரி ஏற்கப்படவில்லை. ‘ஸ்ரீ’ என்னும் ஓரிடத்தில் இவற்றை இணைப்பது முறையே. ஆனால் கல்வெட்டின் பிற கிரந்தச் சொற்களில் இவ்வேறுபாட்டை அழிப்பது மூலத்தையே சிதைப்பதாகும். இவ்வாறு மறுக்க முடிந்தது கருவியின் விளக்கத்தால் அன்று. குறியெண்களைத் தாமே பிரித்து எண்ணிப் பார்த்ததாலாகும்.

நிரலின் இருப்பிடம்

இந்நிகழ்வு, நிரல் என்பது உண்மையில் எங்கே உள்ளது என்னும் வினாவிற்கு இட்டுச் செல்கிறது. டென்மார்க்கு நாட்டுக் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வினாவிற்கு விடை கூறியுள்ளார். நிரலாக்கம் என்பது கட்டளை வரிகளை உண்டாக்குவது மட்டுமன்று. ஒரு தேவையைப் பற்றியும் அதனை நிரல் நிறைவேற்றும் முறையைப் பற்றியும் நிரலாளர் தம் உள்ளத்தில் ஒரு கோட்பாட்டை உருவாக்கிக் கொள்வதே அது என்பது அவர் கருத்தாகும். அக்கோட்பாட்டை உடையவர்கள் நீங்கிவிட்டால் நிரல் இயங்கிக்கொண்டிருந்தாலும் இறந்ததாகவே கொள்ளத்தக்கது என்றும், எழுதி வைத்த விளக்கங்களால் மட்டும் அதனை மீட்க இயலாது என்றும் அவர் கருதினார்.

இக்கருத்திற்குத் திருப்பதியிலேயே ஓர் ஒப்புமை உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் அறையொன்றில் காக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அவை மீண்டும் வெளிக்கொணரப்பட்டபோது பாடல்களும் அவற்றிற்குரிய இராகப் பெயர்களும் இருந்தன. பாடும் முறையை உணர்த்தும் சுரக்குறிப்புகள் இல்லை. பாடல்களை வழிவழியாகப் பாடி வந்த தொடர்ச்சி அற்றுப்போயிருந்தமையால், இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் அவற்றிற்குப் புதிதாக இசையமைக்க நேர்ந்தது. செப்பேட்டில் ஓர் எழுத்தும் குறையவில்லை எனினும், பாடுவோர் உள்ளத்தில் இருந்தது மறைந்துவிட்டது.

கருவி ஆக்கித் தரும் நிரலின் நிலை இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. அன்னமாச்சாரியாரின் பாடலை அறிந்து பாடிய ஒருவர் ஒரு காலத்தில் இருந்தார். நம் கையில் உள்ள நிரலையோ, அதன் தேவையோடும் மூலத்தோடும் பொருத்தி அறிந்தவர் தொடக்கத்திலிருந்தே ஒருவரும் இல்லாதிருக்கலாம். கல்வெட்டுச் சொற்பட்டியலின் நிலை இதுவேயாகும். நிரலின் வரிகள் இருந்தன, விளக்கமும் இருந்தது. ஶகரத்திற்கும் ஸகரத்திற்கும் உள்ள வேறுபாடு அம்மூலத்தில் ஏன் காக்கப்பட வேண்டும் என்னும் அறிவு எவரிடத்தும் இணைந்திருக்கவில்லை.

நன்னூல் வகுக்கும் கூறுகள்

புரிதல் எப்போது நிறைவுறுகிறது என்பதற்கு நன்னூல் ஓர் அளவுகோலைத் தருகிறது. சித்தூரை அடுத்துள்ள கோலாரோடு தொடர்புடைய கங்கர் மரபினனான சீயகங்கன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றியது இந்நூல். இதன் பொதுப்பாயிரம் ஆசிரியரது இயல்பு, மாணாக்கரது இயல்பு, பாடம் சொல்லும் முறை, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை விரித்துரைக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டு உட்கொண்டாலும் மாணாக்கர்க்கு வாய்ப்பது புலமையின் கால் கூறே என்பது அதன் கருத்து. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் கூறு வாய்க்கிறது. தாம் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய இரு கால் கூறுகளும் நிரம்புகின்றன.

இப்பகுப்பில் கருதத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. கால் கூறு என்பது திறமையற்ற ஆசிரியரைக் குறித்துக் கூறப்பட்டதன்று. ஆசிரியரும் நல்லவர், மாணாக்கரும் நன்கு கேட்டவர் என்னும் நிலையிலேயே அது கால் கூறாகும். எனவே நிரலுதவிக் கருவி பிழையே செய்யாத ஆசிரியராக நாளை வளர்ந்துவிட்டாலும், அதன் விளக்கத்தைக் கேட்பதால் மட்டும் வாய்ப்பது கால் கூறாகவே இருக்கும். எஞ்சிய முக்கால் கூறு கேட்போரின் செயலைச் சார்ந்தது. அதனை வேறொருவர் அவர்க்காகச் செய்து தர இயலாது.

கல்வெட்டுப் பட்டியலின் வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு நோக்கினால் பிழை நேர்ந்த இடம் விளங்கும். கருவியின் விளக்கம் கால் கூறு. மாணவரோடு அமர்ந்து ஆராய்ந்தது மற்றொரு கால் கூறு. அதன்பின் அம்மாணவர் முதலாமாண்டு மாணவர்க்கு அந்நிரலை விளக்க முற்பட்டபோது, ‘ஸ்ரீ’ என்பதை ஓரெழுத்தாகக் கொள்வதா, ஸ், ரீ என இரண்டாகக் கொள்வதா என்னும் வினா எழுந்தது. நிரல் அதனை இரண்டாகவே எண்ணி வந்திருந்தது. எவரும் அவ்வாறு முடிவு செய்யவில்லை. எவரும் அதனைக் கவனிக்கவும் இல்லை. எழுத்து எது என்பது தொல்காப்பியம் முதலாகத் தமிழிலக்கணம் ஆராய்ந்து வரும் வினாவாகும். அவ்வினாவிற்கு நிரல் ஓசையின்றி ஒரு விடையைத் தந்திருந்தது. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே அது வெளிப்பட்டது.

மாணாக்கரை வகைப்படுத்தும் இடத்தில் நன்னூல் கிளியை இடைநிலை மாணாக்கர்க்கு உவமையாக்குகிறது. சொன்னதைச் சொல்லும் இயல்புடையது கிளி. 2021 இல் எமிலி பெண்டர் முதலானோர் எழுதிய கட்டுரையொன்று பெரும் மொழி மாதிரிகளைக் கிளியோடு ஒப்பிட்டமை பரவலாக அறியப்பட்டது. கருவி கிளியா, அன்றா என்பது தனியே ஆராயத்தக்கது. கருவி தந்த விளக்கத்தைக் கருத்தரங்கில் அப்படியே ஒப்பித்தபோது இக்கட்டுரையாளரே கிளியானார் என்பதில் ஐயமில்லை.

ஆசிரியர் வாயாதார்க்கு

மேற்கூறியவற்றைக் கொண்டு இக்கருவிகளை விலக்க வேண்டும் எனக் கூறுவது பொருந்தாது. சித்தூர்ப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு வழியாகக் கற்று, நிரலாக்கத்தை ஆங்கில நூல்களின் வழியே பயில நேரும் மாணவர் உளர். மும்மொழிகளுக்கு இடையே அவர்கள் இழக்கும் நேரமும் ஊக்கமும் பெரிது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் இருந்தும், அந்நகரங்களின் பயிற்சி மையங்களுக்குச் சென்று கற்கும் பொருள்வசதி பலர்க்கு இல்லை. இவர்க்குத் தாய்மொழியில், கேட்ட பொழுதெல்லாம், ஒரே வினாவைப் பத்துமுறை கேட்டாலும் சலிப்பின்றி விடை கூறும் கருவி ஒன்று கிடைத்திருப்பது சிறிய நன்மையன்று.

நம் கல்வி வரலாற்றில் ஆசிரியரை அணுகும் வாய்ப்பு அனைவர்க்கும் இருந்ததில்லை. குலமும் பாலும் பொருளும் திண்ணைப் பள்ளியின் வாயிலிலேயே பலரைத் தடுத்தன. கருவி இவற்றுள் எதனையும் வினவுவதில்லை. ஆசிரியர் வாய்த்த ஒருவர், ஆசிரியர் வாயாத ஒருவரை நோக்கி, ‘கருவியைத் தொடாதே’ என்று கூறுவது நடுவுநிலையாகாது. கால் கூறும் கிடைக்காதிருந்தவர்க்கு அக்கால் கூறு கிடைப்பது பேறே. அதுவே முழுமை என்று அவர்க்கு உரைப்பதுதான் தீங்காகும். உடன் பயில்வோரும் எடுத்துரைக்கும் அவையும் கருவியால் கிடைப்பதில்லை. அவற்றை அமைத்துத் தருவது கல்வி நிறுவனங்களின் கடமையாக எஞ்சுகிறது.

சான்றாதல்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். மனிதர் தாம் அறியாத பலவற்றை நம்பியே வாழ்கின்றனர். உ.வே. சாமிநாதையர் 1887 இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியைப் பயன்படுத்துவோர் அனைவரும் ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. உரையாசிரியர் கூறிய பொருளை ஏற்றே நாம் பாடம் நடத்துகிறோம். அவ்வாறிருக்க, கருவியின் நிரலை நம்புவதில் மட்டும் என்ன குற்றம் என்பது அம்மறுப்பாகும்.

இதற்கு இரு விடைகள் கூறலாம். முதலாவது, பதிப்பாசிரியரும் உரையாசிரியரும் தம் கூற்றிற்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர் உ.வே.சா. எனினும் சிந்தாமணியின் சமணக் கருத்துகளை அறியக் கும்பகோணத்துச் சமணரை நாடிச் சென்றார். பல சுவடிகளை ஒப்பிட்டார். பாடவேறுபாடுகளை ஆராய்ந்து குறித்தார். அவர் கூற்றைப் பிறர் ஆராயவும் மறுக்கவும் வழி இருந்தது. நூறாண்டுக்கும் மேலாக அறிஞர் குழாம் அதனைச் சோதித்து வந்துள்ளது. கருவி ஒருவர்க்குத் தனியே தரும் நிரலோ அவ்வவையைக் கண்டதில்லை. அதனைச் சோதிக்கக்கூடிய முதல் ஆளும், பல நேரங்களில் ஒரே ஆளும், அதனைப் பெற்றவரே.

இரண்டாவது, பயன்கொள்ளுதல் வேறு, சான்றாதல் வேறு. தம் சொந்தக் கோப்புகளை ஒழுங்குபடுத்த ஒருவர் தாம் அறியாத நிரலைப் பயன்படுத்தினால் அதன் பிழை அவரையே சாரும். அந்நிரலின் முடிவை ஆய்விதழில் வெளியிடும்போது அவர், ‘இஃது உண்மை’ என்று பிறர்க்கு உறுதி கூறுகிறார். சான்று கூறுவோர் தாம் கண்டதையே கூற வேண்டும் என்பது வழக்காடு மன்றத்திற்கும் ஆய்வுக்கும் பொதுவான நெறியாகும். காணாததைக் கண்டதாகக் கூறுதல், முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்தாலும், பொய்ச்சான்றேயாகும். கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட பட்டியலில் பல எண்கள் சரியாகவே இருந்தன. ஆயினும் அவை சரியானவை என்பதைக் கட்டுரையாளர் அறிந்திருக்கவில்லை. குற்றம் எண்களில் மட்டும் இல்லை. அறியாதிருந்தும் அறிந்தவராக அவையில் நின்றதிலேயே அது தொடங்கியது. இதனை உணர்ந்தபின் அக்கட்டுரை தொகுப்பிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, கருத்தரங்க அமைப்பாளர்க்குக் காரணமும் எழுதப்பட்டது.

அங்ஙனமாயின் தமிழாய்வாளர் அனைவரும் கணினியின் அடித்தளம் வரை கற்றல் வேண்டுமா? வேண்டா. தம் முடிவைத் தாங்கி நிற்கும் அளவிற்கு அறிந்திருத்தல் போதும். அவ்வளவை அறிய மூன்று சோதனைகளைக் கூறலாம். கருவி அருகில் இல்லாதபோது நிரலின் செயலைப் பிறரொருவர்க்கு விளக்க இயலுமா என்பது ஒன்று. எத்தகைய உள்ளீட்டில் அந்நிரல் பிழைபடும் என்று இயக்கிப் பார்க்கும் முன்னரே கூற இயலுமா என்பது மற்றொன்று. கருவி தரும் ஒரு திருத்தத்தைக் காரணம் காட்டி மறுக்க இயலுமா என்பது மூன்றாவது. இம்மூன்றும் வாய்த்தவர் அந்நிரலைத் தாம் எழுதவில்லை எனினும் அதற்குச் சான்றாகலாம்.

முடிவுரை

நிரலுதவிக் கருவிகள் நிரலைக் கற்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் துணையாகின்றன என்பதும், ஆசிரியர் வாயாதார்க்கு அவை பெரும்பேறு என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. அவற்றின் விளக்கத்தைக் கேட்பது நன்னூல் கூறும் கால் கூறிற்கு நிகராகும். உடன் பயில்வோரோடு ஆராய்தலும் பிறர்க்கு எடுத்துரைத்தலும் சேர்ந்தாலன்றிப் புலமை நிரம்புவதில்லை. தாம் அறியாத நிரலின் முடிவைத் தம் பெயரில் வெளியிடுவது, காணாததற்குச் சான்று கூறுவதை ஒக்கும்.

நடைமுறையில் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கலாம். நிரலின் துணையால் பெறப்பட்ட எண்களை வெளியிடும் தமிழாய்விதழ்கள், அந்நிரலையும் அதனை ஆக்கிய முறையையும் கட்டுரையோடு கோரிப் பெறலாம். தமிழ்த்துறைகள் முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வில் நிரலின் ஒரு பகுதியை விளக்குமாறு மாணவரிடம் வினவலாம். இவ்வினாவிற்கு விடை கூற வேண்டியோர் மாணவர் மட்டுமல்லர். கல்வெட்டுச் சொற்பட்டியல் இப்போது மீண்டும் தொகுக்கப்பட்டு வருகிறது. இம்முறை ஒவ்வொரு வரியையும் அம்மாணவர் வினவுகிறார். கட்டுரையாளர் விடை கூறுகிறார். விடை தெரியாத இடத்தில் இருவரும் மூலத்திற்குத் திரும்புகின்றனர்.